வடசென்னையில் வீடு வாங்க: தெரு புரோக்கரா, ரெரா ஏஜென்ட்டா, ஆன்லைனா?

வடசென்னையில் வீடு தேடுகிறவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. தெருமுனை புரோக்கர், போர்டு மாட்டி ஆபீஸ் போட்டிருக்கும், ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு பெற்ற ஏஜென்ட், இணையதளத்தில் ஓனரையே நேராகப் பிடிப்பது. இதில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் வராது. ராயபுரத்தில் பழைய தனி வீடு பார்க்கிறவருக்கும் மாதவரத்தில் புது ஃபிளாட் புக் பண்ணுகிறவருக்கும் ஒரே ஆள் சரிப்பட்டு வரமாட்டார்.

தெரு புரோக்கரிடமிருந்து தொடங்கலாம். அயர்ன் வண்டி பக்கத்திலோ டீக்கடை பெஞ்சிலோ இருப்பார், கையில் மடித்து மடித்துக் கிழிந்த ஜெராக்ஸ் பத்திரம் இரண்டு மூன்று இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் விற்பனைக்கு வரும் வீடுகளில் பல இணையத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள், மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்ற சேதியெல்லாம் முதலில் இவர் காதுக்குத்தான் வரும். "ஓனர் அறுபது சொல்றாருண்ணே, உக்காந்து பேசினா இறங்குவாரு" என்பார். எவ்வளவு இறங்குவார் என்பதும் அவருக்குத் தெரியும்.

வழக்கமாக விற்பவரிடம் ஒரு சதவீதம், வாங்குபவரிடம் ஒரு சதவீதம் என்று இரண்டு பக்கமும் கமிஷன். அப்போது அவர் யார் பக்கம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது லட்சம் வீட்டில் விலை இரண்டு லட்சம் குறைந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து அவருக்கு நஷ்டம் நாலாயிரம் ரூபாய். பேச்சு முறிந்தால் போவது ஒரு லட்சத்து இருபதாயிரம். எனவே அவர் உங்கள் பக்கமும் இல்லை, ஓனர் பக்கமும் இல்லை, முடிகிற பக்கம். பேரம் பேச இது நமக்கு வசதிதான். ஓனரையும் அவர் நெருக்குவார். பத்திரம் பார்க்கிற விஷயத்தில் இதே குணம் ஆபத்து.

ஏனென்றால் இந்தப் பக்கம் பத்திரத்தில் சிக்கல் அதிகம். மனை கோயிலுடையது, கட்டடம் மட்டும்தான் விற்பனை என்ற வீடுகள் உண்டு. குடிசை மாற்று வாரியம் என்று இன்னமும் நாம் சொல்கிற நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஒதுக்கிய வீடுகள், வாரியத்தின் கிரயப் பத்திரம் வாங்காமலேயே வெறும் பவர் (ஓனர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கைமாறுவதும் உண்டு. கேட்டால் "இங்க எல்லாரும் அப்படித்தாண்ணே வாங்கியிருக்காங்க" என்று பதில் வரும். உண்மைதான், எல்லோரும் அப்படி வாங்கியிருக்கலாம். ஆனால் பவர் பத்திரத்தை வைத்து வாங்கினால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. வங்கியில் கடனும் கிடைக்காது.

தண்ணீர் விஷயமும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கம் எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று அவருக்கு அத்துப்படி. அவர் சொல்லாவிட்டாலும் வீடே சொல்லும். மீட்டர் பாக்ஸ் எந்த உயரத்தில் இருக்கிறது, சுவரில் கீழ் மூன்றடிக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருக்கிறதா, வாசற்படி ரோட்டைவிடப் பள்ளமா என்று பார்த்தால் போதும். அப்புறம் எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை.

அடுத்து ரெரா ஏஜென்ட். விசிட்டிங் கார்டில் பதிவு எண், ஏசி ரூம், கலர் பிரவுச்சர். 2016 சட்டப்படி, ரெராவில் பதிவான திட்டத்தில் வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட் தானும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் சரிபார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். நல்லதுதான். ஆனால் வடசென்னையில் ஒரு ஓட்டை இருக்கிறது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் இல்லாவிட்டாலோ அந்தத் திட்டத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட இரண்டே கால் கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). பெரம்பூர், கொளத்தூர், கொடுங்கையூர் உள்தெருக்களில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டில் பழைய வீட்டை இடித்துவிட்டு ஆறு ஃபிளாட் எழுப்புகிறார்களே, அதெல்லாம் இந்த வரம்புக்குள்தான் வரும். அங்கே ஏஜென்ட்டின் பதிவு எண் அந்த ஆளைப் பற்றித்தான் பேசும், கட்டடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அங்கீகரிக்கப்பட்ட பிளானில் நாலு வீடு, கட்டியிருப்பது ஆறு என்ற கதையை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிளான் நகலையும் யூ.டி.எஸ் (நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிபடாத பங்கு) கணக்கையும் கேட்டு வாங்குங்கள். எல்லா வீட்டின் யூ.டி.எஸ்ஸையும் கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டக் கூடாது.

புதுத் திட்டங்களில் இவருக்குக் கமிஷன் பெரும்பாலும் பில்டர்தான் கொடுப்பார். 'சார், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை' என்பது இதனால்தான். எந்த பில்டர் அதிகம் தருகிறாரோ அவருடைய ஃபிளாட்டை முதலில் காட்டுவது மனித சுபாவம்.

ஆன்லைன் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் போன்றவை விலை நிலவரம் பிடிபட உதவும். திருவொற்றியூரில் மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்தபிறகு ஸ்டேஷன் பக்கத்தில் என்ன கேட்கிறார்கள், உள்ளே தள்ளிப் போனால் என்ன கேட்கிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். நோபுரோக்கரில் கமிஷன் கிடையாது, வேண்டுமானால் சந்தா கட்டலாம். ஆனால் 'ஓனர்' என்று போட்ட எண்ணை அழைத்தால் எடுப்பது புரோக்கராக இருப்பதும், ஒரே ஃபிளாட் மூன்று விலையில் மூன்று விளம்பரமாக வருவதும் சகஜம்.

என்னைக் கேட்டால், பழைய தனி வீட்டுக்குத் தெரு புரோக்கர்தான், கூடவே அவர் கைகாட்டாத ஒரு வக்கீல். மாதவரம் மாதிரி இடங்களில் பெரிய திட்டம் என்றால் ரெரா ஏஜென்ட். ஆனால் அவர் இல்லாமல் நேராக பில்டரிடம் போனால் என்ன விலை என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஆறு ஃபிளாட் கட்டடத்துக்கு யாராக இருந்தாலும் சரி, வக்கீலோடு ஒரு இன்ஜினீயரையும் அழைத்துப் போக வேண்டும்.

பணம் விஷயத்தில் மூவருக்கும் ஒரே விதி. டோக்கன் அட்வான்ஸை ஓனர் கணக்கில் மட்டும் போடுங்கள். வில்லங்கச் சான்றிதழைப் புரோக்கர் கொடுத்தாலும் பதிவுத்துறை தளத்தில் நீங்களே ஒன்று எடுங்கள். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் போகும். இதைக் குறைக்க 'கைடுலைன் வேல்யூவுக்குப் (அரசு வழிகாட்டி மதிப்பு) பதிஞ்சுட்டு மீதியை கேஷா கொடுத்துடலாம்' என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம், லோனும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் வரும், நாளைக்கு விற்கும்போது வருமான வரியும் கூடும். விலை 50 லட்சத்தைத் தொட்டால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள்தான். இதை எந்த ஏஜென்ட்டும் தானாக ஞாபகப்படுத்துவதில்லை. கமிஷன் எவ்வளவு என்பதை வீடு பார்க்கப் போகும் முன்பே பேசி வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொண்டு, பணத்தைப் பதிவு முடிந்த பிறகு கொடுங்கள்.