உலகச் சுற்று டிக்கெட்: ஓராண்டு ஓடி முடித்த பிறகு

பயணம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. "அந்த டிக்கெட் வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு "வாங்குங்க" என்றேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரே டிக்கெட்டில் உலகத்தை ஒரு சுற்று சுற்றி வர, விமான நிறுவனங்கள் கூட்டணியாகச் சேர்ந்து விற்கும் டிக்கெட் இது. கிழக்கோ மேற்கோ, திசை ஒன்றுதான். அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் தாண்டியாக வேண்டும். அதிகபட்சம் 16 விமானங்கள், ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். ஒரு விமானத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டால் மீதி எல்லாமே ரத்தாகிவிடலாம். ஒரு ஊரில் இறங்கி, தரைவழியே போய், வேறு ஊரில் ஏறினால் அந்த இடைவெளியும் 16-இல் ஒன்றாகக் கணக்காகும். இந்தக் கடைசி விதியை நான் சரியாகப் படிக்கவில்லை. பெரு நாட்டின் லிமாவில் இறங்கி, சிலி நாட்டின் சாண்டியாகோவில் ஏறியபோதுதான் உறைத்தது.

ஆனால் அந்த இடைவெளிதான் மொத்தப் பயணத்திலும் உருப்படியான பகுதி. கடலோர லிமாவிலிருந்து பஸ்ஸில் பெருவின் மலை நகரமான அரேகிபா, சுமார் 2,300 மீட்டர் உயரம். அங்கே நாலு நாள். பிறகு குஸ்கோ, 3,400 மீட்டர். லிமாவிலிருந்து நேரே குஸ்கோவுக்குப் பறந்து வந்தவர்கள் விடுதி வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் படியேறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கியதோடு சரி. உயரத்துக்குப் பழக உடம்புக்கு நாள் வேண்டும். பஸ் அதைக் கொடுத்தது.

தேதியை இலவசமாக மாற்றலாம் என்பார்கள். உண்மைதான், பாதி உண்மை. ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல கட்டண வகுப்புகளாகப் பிரித்து விற்பார்கள்; நம் டிக்கெட் எந்த வகுப்போ, அந்த வகுப்பில் இடம் இருந்தால்தான் மாற்ற முடியும். சிலியின் வால்பரைசோவில் இன்னும் இரண்டு வாரம் இருக்க ஆசைப்பட்டு விமான நிறுவனத்தை அழைத்தேன். ஒன்று, ஆறாம் நாள் கிளம்ப வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆறாம் நாளே கிளம்பினேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மேற்கு நோக்கிப் போனதில் மட்டும் வருத்தமே இல்லை. நம் உடம்புக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுவதால், நாள் நீளும் திசையில் போனால் தூக்கம் சீக்கிரம் சரியாகிறது. சாண்டியாகோவில் 12-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் ஏறி, ஆக்லாந்தில் 14-ஆம் தேதி விடியற்காலையில் இறங்கினேன். தேதிக்கோடு 13-ஐ விழுங்கிவிட்டது. என் டைரியில் அந்தப் பக்கம் மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

இன்னொரு நன்மையை யாரும் சொல்வதில்லை. நுழையும் நாட்டை விட்டு எப்போது கிளம்புவீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், பெரும்பாலும் விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்திலேயே. முழு வழித்தடத்தையும் அச்சிட்ட ஒரே தாளை நீட்டினால் போதும். ஆக்லாந்துக்கு வந்தபோது மடிப்பு மடிப்பாகக் கிழிந்து நாலு துண்டாகியிருந்தது; ஒட்டவைத்துக் காட்டினேன்.

பை 40 லிட்டர். அதைவிடப் பெரிது வேண்டாம். கைப்பைக்கு 7 கிலோதான் என்று கறாராக எடை போடும் விமானங்களில் கனமான சட்டையைப் போட்டுக்கொண்டு சமாளித்தேன். பவர்பேங்க் 20,000 எம்ஏஎச், அதாவது 74 வாட்-அவர். விமானத்தில் தாராளமாக அனுமதிக்கும் 100 வாட்-அவருக்குள் இருந்ததால் எங்கும் பிரச்சினை வரவில்லை. எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று வாங்கிய பெரிய அடாப்டர் சுவரில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு சின்ன அடாப்டர் வாங்கியிருக்கலாம்.

அடுத்த தடவை சுற்று டிக்கெட் எடுக்க மாட்டேன். அட்லாண்டிக் தாண்ட ஒன்று, பசிபிக் தாண்ட ஒன்று, அவ்வளவுதான். நடுவில் உள்ளதைப் போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆதாரம் கேட்கும் நாடுகளுக்கு மட்டும் வெளியேறும் பஸ் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுவேன். பை இதேதான், ஜிப்பை மட்டும் மாற்ற வேண்டும், ஒன்பதாம் மாதத்திலிருந்து ஊக்குப் போட்டுத்தான் மூடுகிறேன்.