தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சுருதிப் பெட்டி

நான் வீட்டிலேயே தையல் தைக்கிறவள். பாட்டு கற்றதில்லை. ஏழாவது படிக்கும் என் பெண் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். அவளுக்காக ஒன்பது மாதம் முன்பு வாங்கிய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைப் பற்றித்தான் இது. பாடுகிறவருக்குத் துணையாக, தம்பூரா மாதிரி ஆதார ஓசையை விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் பெட்டி. மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. குறையும் சொல்லப்போவதால் கம்பெனி பெயர் வேண்டாம்.

அதுவரை என் போனில் சுருதி ஆப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். வர்ணம் பாடிக்கொண்டிருக்கும்போது யாராவது "அக்கா, ப்ளவுஸ் ரெடியா?" என்று கூப்பிடுவார்கள், சுருதி அறுந்துவிடும். போன் ஸ்பீக்கரில் கீழ் ஸாவும் எழும்பாது, கொசு ரீங்காரம்தான். பெட்டியை முதல் நாள் போட்டபோது மேஜையில் இருந்த குண்டூசி டப்பா கிலுகிலுவென்று அதிர்ந்தது. கொடுத்த காசு வீண் இல்லை என்று அப்போதே தோன்றியது.

டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். வால்யூம், கட்டை (எந்த உயரத்தில் பாடுவது என்பது), ஃபைன் டியூன் என்று மூன்று திருகு, ஸாவோடு சேர்ந்து ஒலிப்பது பஞ்சமமா (ப) மத்யமமா (ம) என்று மாற்ற ஒரு சுவிட்ச். புன்னாகவராளி, குறிஞ்சி மாதிரி சில ராகத்துக்கு மட்டும் டீச்சர் அதை மத்யமத்துக்குத் தள்ளச் சொல்வார். என் பெண்ணுக்கு அஞ்சரைக் கட்டை.

எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும். போனதும் மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் 'ம்ம்ம்' என்று ஆரம்பித்துவிடும். ஒருநாள் பாடிக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டு, "அம்மா, இன்வெர்ட்டர் அபஸ்வரமா இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. கட்டையை அஞ்சுக்கு இறக்கி, ஃபைன் டியூனை இம்மி இம்மியாக ஏற்றினாள். பெட்டியும் இன்வெர்ட்டரும் 'வொய்ங் வொய்ங்' என்று இழுத்துக்கொண்டிருந்தன; இழுப்பு மெதுவாகி, மெதுவாகி, ஒரே ஓசையாகப் படிந்துவிட்டது. பிறகு எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று, இன்வெர்ட்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் அதைப்போல் இரண்டு மடங்கு, 100 தடவை அதிரும் என்றார். அஞ்சு கட்டையின் மந்தர ஸா, அதாவது கீழ் ஸா, விநாடிக்கு 98 தடவை என்று இவள் போனில் தேடிக் காட்டினாள். அன்று கரண்ட் வரும் வரை இன்வெர்ட்டர்தான் அவளுக்குத் தம்பூரா.

அவள் பள்ளிக்கூடம் போனபிறகு பெட்டி எனக்கு. சினிமாப் பாட்டு போட்டுத் தைத்தால், குத்துப்பாட்டு வந்ததும் கால் தானாக அழுத்திவிடும், சேலை ஃபால்ஸ் கோணிக்கொள்ளும். சோகப் பாட்டென்றால் வேலையே நகராது. சுருதிக்குத் தாளம் இல்லை, வரி இல்லை. அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு ஹூக் வைப்பேன். என் மாமியார், "யாருக்குடி இது ஒத்து ஊதுது?" என்பார். அவர் சொல்வதும் சரிதான். இப்போது கல்யாணங்களில் பல நாதஸ்வரக் குழுக்கள் ஒத்து என்கிற சுருதிக் குழலை ஊதும் ஆள் இல்லாமல் இந்தப் பெட்டியைத்தான் வைத்துக்கொள்கின்றன.

அப்புறம் குறை. நாலாம் மாதமே அடாப்டர் போய்விட்டது. கேரண்டி பெட்டிக்குத்தான், அடாப்டருக்கு இல்லை என்று கடைக்காரர் கையை விரித்தார். பேட்டரியில் ஓட்டலாம், ஆனால் பேட்டரியைத் தின்கிறது. அணைத்துப் போட்டால் ஒன்றாம் கட்டைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு முறையும் அஞ்சரைக்குத் திருப்ப வேண்டும். என் வீட்டு நூல் பிசிறெல்லாம் திருகுக்குள் போய்க் கரகரக்கிறது, அது என் தப்பு.

வாங்கப் போனால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் கால் மணி நேரம் ஓட விட்டு, சுருதி நகராமல் நிற்கிறதா என்று அதன் காதால் கேட்கச் சொல்லுங்கள். அடாப்டர் மட்டும் இன்னொன்று சேர்த்து வாங்கிவிடுங்கள்.