மூணு யூரோ பேங்க் கணக்கா, லிவ்ரே ஆ-வா? காஃப் பணம் வாங்கறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

மொதல்லயே மார்க் சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க அதோட போயிடலாம். பணக்கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு பேங்க்ல குடுக்கற மாசம் மூணு யூரோ கணக்குக்கு அஞ்சுக்கு மூணு. லா பாங்க் போஸ்தால் (ஃபிரான்ஸ் தபால் பேங்க்) குடுக்கற லிவ்ரே ஆ-ங்கற சேமிப்புக் கணக்குக்கு அஞ்சுக்கு நாலரை, ஆனா அது காஃப் (ஃபிரான்ஸ்ல குடும்ப உதவிப் பணம் குடுக்கற ஆபீஸ்) பணம் வந்து விழற எடமா மட்டும் பாத்தா. ரெண்டும் என் நாத்தனாருக்காக அலைஞ்சு வாங்கினது. அவளோட பழைய பேங்க் எதுன்னு எழுதப்போறதில்ல, எழுதினா அந்த ஒரு பேங்க்தான் மோசம்னு நெனச்சுப்பீங்க, கணக்கு மைனஸ்ல இருந்தா எந்த பேங்க்லயும் இதே கததான்.

நாத்தனார் ரெயூனியன் தீவுல சேந்த் ஆந்த்ரேல இருக்கா, தனியா ஒரு பையன வளக்கறா. ஆர்எஸ்ஏ (வருமானம் இல்லாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற உதவிப் பணம்) வருது, பையன் பேர்ல அலோகாசியோன் (புள்ளைங்களுக்கான உதவிப் பணம்) வருது. (மெத்ரோபோல்ல, அதாவது ஐரோப்பால இருக்குற ஃபிரான்ஸ்ல, ரெண்டு புள்ளை இருந்தாதான் அது குடுப்பாங்க, ரெயூனியன்ல மொத புள்ளைக்கே உண்டு. பாண்டிலேந்து பாரீஸ் போய் அங்கேந்து இங்க வந்தவங்க சில பேர் இது தெரியாம கேக்காமயே விட்டுடறாங்க, கேளுங்க.) வேலை போனதுலேந்து கணக்கு மைனஸ்ல போச்சு. ஓவர்டிராஃப்ட் லிமிட் 300 யூரோ, இவ கணக்கு நின்னது மைனஸ் 380ல. 5ஆம் தேதி காஃப் பணம் வந்துச்சு, வந்ததும் அந்த 380 போச்சு, அதோட விட்டா பரவால்ல, அதுவரைக்கும் வாசல்ல நின்னுட்டிருந்த பில்லுங்க எல்லாம் அன்னிக்கே பூந்து எடுத்துச்சு, மிச்சத்துல பேங்க் ஃபீஸ். அரிசி, கேஸ் பாட்டில், பையனுக்கு ஸ்கூல் கேன்டீன், எல்லாத்துக்கும் சேத்து கைல நின்னது ஒரு வாரத்துக்குக் கூட காணாது.

அந்த ஸ்டேட்மென்ட்ட நான் வாங்கிப் பாத்தேன். 8,00 அடுத்த வரில 8,00 அதுக்குக் கீழ 8,00, பிரிண்டர் மாட்டிக்கிட்டு அதே வரிய அடிச்ச மாதிரி. அது என்னன்னா, கணக்குல காசு இல்லாத நேரத்துல ஒரு பேமென்ட் வந்தா அத விடலாமா வேணாமான்னு பேங்க் யோசிக்கறதுக்குக் கூலியாம். சட்டமே ஒரு தடவைக்கு 8 யூரோ, மாசத்துக்கு 80 யூரோ வரைக்கும் வாங்க விடுது. பில்ல கட்டாம திருப்பி அனுப்பிட்டா அதுக்கு வேற ரேட்டு, 20 யூரோ வரைக்கும், பில்லே 20க்குக் கம்மின்னா பில்லு எவ்ளோவோ அதுக்கு மேல வாங்கக்கூடாது. அதாவது ஃபோன் பில்லு 12 யூரோன்னா, கட்டாததுக்கு பேங்க்குக்கு 12 யூரோ வரைக்கும் போகும், ஃபோன் பில்லு அப்படியே நிக்கும். காசு இல்லாதவன்கிட்டதான் இவ்ளோ காசு புடுங்கறாங்க, என்னத்த சொல்ல.

ஒரு விஷயம் நல்லாத் தெரிஞ்சுக்கங்க, ஏன்னா கோயில்ல பேசறப்ப எல்லாரும் தப்பாதான் சொல்றாங்க. "ஆர்எஸ்ஏவ யாரும் தொட முடியாது, சட்டம் இருக்கு"ன்னு. சட்டம் இருக்குறது நெஜம்தான், கடன்காரன் வந்து கணக்க முடக்கினா ஒரு தனி ஆளோட ஆர்எஸ்ஏ அளவு, 2025 ஏப்ரல்ல அது 646.52 யூரோவா இருந்துச்சு, அத பேங்க் விட்டு வச்சே ஆகணும். ஆனா அது வெளியாளு வந்து ஜப்தி பண்றப்ப, அதுவும் கணக்கு பிளஸ்ல இருந்தாதான். உங்க கணக்கே மைனஸ்ல இருந்தா யாரும் ஜப்தி பண்ணல, வந்த பணம் பள்ளத்த ரொப்புது, அவ்ளோதான். அந்தச் சட்டத்த நம்பி உக்காந்திருந்தா ஒண்ணும் கிடைக்காது.

அந்த மாசத்துக்கு உதவினது ஒரு லெட்டர். மேரில (நகராட்சில) இருக்குற சோஷியல் ஆபீஸ்ல ஒரு அசிஸ்தாந்த் சோசியால் (கஷ்டப்படறவங்களுக்கு வழி சொல்ற சமூக ஊழியர்), கிரெயோல்காரம்மா, ரொம்ப பொறுமை, அவங்கதான் சொன்னாங்க, குடும்ப அலோகாசியோன் பேங்க் கணக்குக்கு வந்தா, யாரு என்ன தடை போட்டிருந்தாலும் அந்த அலோகாசியோன் அளவுக்கு மாசாமாசம் எடுத்துக்கலாம்னு சோஷியல் செக்யூரிட்டி சட்டத்துலயே இருக்குன்னு. அந்த ஆர்ட்டிகிள போட்டு, காஃப் குடுத்த பேமென்ட் அத்தாட்சிய கூட வச்சு, கவுன்ட்டர்ல குடுத்து காப்பில சீல் வாங்கினோம். மொதல்ல கவுன்ட்டர்ல இருந்த பேங்க் பையன் "மேடம், சிஸ்டம் விடாது"ன்னான். நாங்க நகரல. உள்ள போயி பெரியவர்கிட்ட கேட்டுட்டு வந்தான், அலோகாசியோன் அளவு குடுத்துட்டாங்க. எல்லா பேங்க்கும் இப்படிக் குடுக்கும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆர்எஸ்ஏ பங்குக்கு எங்களுக்கு ஒண்ணும் நடக்கல. ஆனா வாயால கேட்டா சிஸ்டம் விடாது, எழுதிக் குடுத்தா பெரியவர் வரைக்கும் போகுது.

இப்ப மூணு யூரோ கணக்குக்கு வரேன். இதுக்குப் பேரு பணக்கஷ்டத்துல இருக்குற கஸ்டமருக்கான ஸ்பெஷல் ஆஃபர், ஃபிரான்ஸ்ல எல்லா பேங்க்லயும் உண்டு, ரெயூனியன்லயும் உண்டு, மாசம் 3 யூரோவுக்கு மேல வாங்கக்கூடாது. ஒரே மாசத்துல அஞ்சு தடவ இப்படி ஃபீஸ் விழுந்தாலே நீங்க அந்த லிஸ்ட்ல வந்துடுவீங்க, கட்ட முடியாத கடனுக்குக் கடன் சுமை ஃபைல் போட்டு, அத ஏத்துக்கிட்டிருந்தா அவங்களும் வருவாங்க. பேங்க்கே லெட்டர் போட்டு கூப்பிடணும். எங்களுக்கு லெட்டர் வந்துச்சா வந்து குப்பைல போச்சான்னு தெரியாது, நாங்களாப் போய்க் கேட்டோம். கேட்டதும் அந்த கவுன்ட்டர் பையன் எடுத்துக் காட்டுனது வேற பேக்கேஜ், அதுக்கு மாசக் காசும் ஜாஸ்தி, இன்சூரன்ஸ் வேற ஒட்டிக்கிட்டு வருது. "இல்ல தம்பி, மூணு யூரோது"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லி வாங்க வேண்டியதாப் போச்சு. போறப்ப ஆஃபர் பேரப் பேப்பர்ல பெருசா எழுதி எடுத்துட்டுப் போங்க, பேச்சுல மாத்திடுவாங்க.

இதுல நல்லது: எட்டு யூரோ நாலு யூரோவாகுது, மாசத்துக்கு 80 போய் 20. காசு இல்லாததால விழற எல்லா தகராறு ஃபீஸும் சேத்து மாசம் 20, வருஷத்துக்கு 200 யூரோவுக்கு மேல போகக்கூடாது. கார்டு ஒவ்வொரு தடவையும் கணக்கப் பாத்துட்டுதான் பாஸ் பண்ணும், காசு இல்லன்னா கடைலயே நின்னுடும், அது நல்லதுதான் ஆனா நாத்தனாருக்கு இதுல ஒரு கஷ்டம். "அண்ணி, கார்டு போடவே பயமா இருக்கு, க்யூல நிக்கறவங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க"ன்னா. அதுக்கு ஃபோன்ல வர்ற பேலன்ஸ் எஸ்எம்எஸ் உதவுது, அதுவும் இந்த மூணு யூரோக்குள்ளயே. ஊர்ல தனியா நிக்கற ஆட்டோமேட்டிக் பெட்ரோல் பம்ப்ல இந்த மாதிரி கார்டு தகராறு பண்ணும்னு பாரீஸ்ல இருக்குற தங்கச்சி சொன்னா, இங்க போட்டுக் குடுக்க ஆள் நிக்கறதால அது பெரிய விஷயமா தெரியல. செக் புக் கிடையாது, அதுக்குப் பதிலா மாசம் ரெண்டு பேங்க் செக் தருவாங்க. கணக்குலேந்து தானாவே பில்லு கட்ற பிரெலெவ்மானுக்கு லிமிட் இல்ல.

அப்புறம் ஏன் மூணு மார்க்? ஏன்னா இது ஃபீஸத்தான் கொறைக்குது. மைனஸ் அங்கயேதான் இருக்கு. அடுத்த 5ஆம் தேதி காஃப் பணம் வந்து அதே பள்ளத்துலதான் விழுது. இத பேங்க்ல யாரும் வாயத் தெறந்து சொல்ல மாட்டாங்க, மூணு யூரோ ஆஃபர் எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்ங்கற மாதிரியே பேசுவாங்க.

சரி, அப்ப என்ன பண்றது? பணம் அந்தக் கணக்குக்கு வரவே கூடாது. அதுக்குதான் லிவ்ரே ஆ. எல்லா பேங்க்லயும் லிவ்ரே ஆ இருக்கு, ஆனா சம்பளம், அலோகாசியோன் எல்லாம் நேரா அதுலயே வாங்கி, கொஞ்சம் கொஞ்சமா எடுத்து செலவு பண்ற வசதி லா பாங்க் போஸ்தால்ல இருக்கறது தனி, பேங்க் கணக்கு சரிப்பட்டு வராதவங்களுக்குன்னே சட்டத்துல அவங்களுக்கு அந்த வேலையக் குடுத்திருக்காங்க. 1.50 யூரோ இருந்தா போதும், தெறக்கலாம், போடலாம், எடுக்கலாம். மாச ஃபீஸ் கிடையாது. முக்கியமா, மைனஸே போக முடியாது. இருந்தா எடுப்ப, இல்லன்னா இல்ல, எட்டு யூரோவும் இல்ல நாலு யூரோவும் இல்ல. தண்ணி, கரென்ட் பில், வரி, ஆஷெலெம் (குறைஞ்ச வாடகை அரசாங்க) வீட்டு வாடகை, இதெல்லாம் அதுலேந்தே பிரெலெவ்மான் போகும். வட்டி கூட வருது, 2025 ஆகஸ்ட்ல அது 1.7 சதவீதமா இருந்துச்சு, ஆனா 5ஆம் தேதி வந்து 25ஆம் தேதிக்குள்ள காலியாகற பணத்துக்கு வட்டி எங்க வரும், அத விடுங்க.

கொறையும் சொல்லணும்ல. கடைல கார்டு தேய்க்க முடியாது, பணம் எடுக்கற கார்டுதான். ஃபோன் பில், வண்டி இன்சூரன்ஸ் மாதிரி பிரெலெவ்மான் இதுலேந்து போகாது, அதனால அந்த மூணு யூரோ கணக்கையும் மூடாம வச்சுக்க வேண்டியிருக்கு. 5ஆம் தேதி காலைல எந்த தபால் ஆபீஸ் வாசல்லயும் கூட்டம் ரோடு வரைக்கும் நிக்கும், தீவுல அன்னிக்கு எல்லாருக்கும் பணம் வர்ற நாளு, தலைய வெயில்ல காயவச்சுட்டு நிக்கணும். ரெண்டு நாள் கழிச்சுப் போங்க, இல்ல முந்தின மாசத்துலேந்து ஒரு 20 யூரோ விட்டு வச்சுக்கங்க.

மாத்தறது கஷ்டமில்ல. கணக்கு தெறந்தா ரிப் (கணக்கு நம்பர் விவரம் இருக்குற பேப்பர்) குடுப்பாங்க, காஃப் சைட்ல உங்க கணக்குக்குள்ள போயி அந்த ரிப்ப மாத்தணும், மாசம் முடியறதுக்கு முன்னாடியே மாத்துங்க, 3ஆம் தேதி மாத்திட்டு 5ஆம் தேதி பணம் எங்கன்னு தேடாதீங்க. ரிப் உங்க பேர்லதான் இருக்கணும், அண்ணன் கணக்கு தம்பி கணக்கு எல்லாம் ஏத்துக்க மாட்டாங்க, நல்லதுக்குதான், அண்ணன்கிட்டேந்து திரும்ப வாங்கறது பேங்க்கிட்டேந்து வாங்கறத விட கஷ்டம்.

பழைய மைனஸ் என்னாகும்னு கேப்பீங்க. ஓடிப்போறது இல்ல இது, கடன் கடன்தான். பணம் வர்றத நிறுத்தறதுக்கு முன்னாடியே பேங்க்குக்கு லெட்டர் போட்டோம், மாசம் 40 யூரோ கட்றோம்னு, அவங்களும் ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தாங்க. சொல்லாம கொள்ளாம பணத்தத் திருப்பி விட்டீங்கன்னா லிமிட்ட கேன்சல் பண்ணி, கார்டப் புடுங்கி, அப்புறம் ரெக்கவரி ஆபீஸ்லேந்து ஃபோன் வரும். இன்னொன்னு, மைனஸ் மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்து இருந்தா பேங்க் அத அப்படியே விடக்கூடாது, முறையான ஒரு லோனா மாத்தித் தர ஆஃபர் குடுக்கணும், எவ்ளோ வட்டின்னு கறுப்பு வெள்ளைல இருக்கும், கேட்டு வாங்குங்க. அப்புறம் அந்தத் தகராறு ஃபீஸ எடுக்கறதுக்கு 14 நாள் முன்னாடியாவது பேங்க் ஒரு லிஸ்ட் அனுப்பணும், அந்த 14 நாளுதான் சண்டை போட டைம். எங்களுக்கு அதுல ஒரு பாதி கொறச்சாங்க, சிரிச்சுக்கிட்டே கேட்டதுக்கு இல்ல, அசிஸ்தாந்த் சோசியால் பேர லெட்டர்ல போட்டதுக்கு.

கடன் இந்த ஒரு மைனஸோட நிக்காம, வாடகை பாக்கி, கடை லோன்னு நாலு பக்கமும் இருந்தா, லிவ்ரே ஆ-வால ஒண்ணும் ஆகாது. தீவோட தலைநகரு செந்தெனில இயெதோம் ஆபீஸ் இருக்கு, தீவுல பாங்க் தெ ஃபிரான்ஸ் (ஃபிரான்ஸோட மத்திய பேங்க்) வேலைய அவங்கதான் பாக்கறாங்க, அங்க கடன் சுமை ஃபைல் போடலாம், காசு கிடையாது. ஃபைல ஏத்துக்கிட்டாங்கன்னா அதுக்கு முன்னாடி இருந்த மைனஸும் மத்த கடனோட சேந்து அப்படியே நின்னுடும், புதுசா வர்ற பணத்துலேந்து பேங்க் அத எடுக்கக்கூடாது. எந்த பேங்க்கும் கணக்கே குடுக்கலன்னாலும் இயெதோம்தான், மறுத்த பேங்க்கோட லெட்டரக் குடுத்தா வேற ஒரு பேங்க்க அவங்களே கைகாட்டி தெறக்க வைப்பாங்க. ஃபைல் எழுதத் தெரியலன்னா புவேன் கோன்செய் புட்ஜேன்னு பட்ஜெட் ஆலோசனை சொல்ற எடங்க இருக்கு, அங்க உக்காத்தி வச்சு எழுதிக் குடுப்பாங்க, அதுவும் ஓசிதான்.

லிவ்ரே ஆ எடுக்கப் போறவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஆளுக்கு ஒண்ணுதான், ரெண்டு வச்சுக்கக்கூடாது. சின்ன வயசுல அப்பா அம்மா தெறந்து மறந்து போன லிவ்ரே ஆ வேற பேங்க்ல கெடக்குதான்னு மொதல்ல பாருங்க, இருந்தா மூடிட்டு அந்தப் பேப்பரோட போங்க. நாத்தனாரோடது அவ காலேஜ் படிச்சப்ப தெறந்தது, அதுல 11 யூரோ சில்லறை இருந்துச்சு.