எக்ஸ்பைஸா, ஆர்டுயினோவா?

மகளிர் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்துக்கு எதை வாங்குவது என்று குழம்புகிறீர்களா? எக்ஸ்பைஸ் கணினியோடு இணைத்து அளவீடு செய்யும் ஆய்வகக் கருவி. ஆர்டுயினோ நாமே நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை; ஊனோ அதில் ஒரு மாடல்.

விலை: ஆர்டுயினோ ஊனோ மலிவு, மாணவிக்கு ஒன்று கொடுக்கலாம். எக்ஸ்பைஸ்-17 பல ஆயிரம், குழுவுக்கு ஒன்றுதான்.

அளவீடு: ஊனோ 10 பிட் (அளவை 1024 படிகளாகப் பிரிக்கும்), 0 முதல் 5 வோல்ட். மைனஸ் வோல்டேஜ் கொடுத்தால் அதன் இணைப்பு முனை (pin) பழுதாகிவிடும் (எங்களுக்குப் போயிருக்கிறது). டெல்லி ஐயுஏசி (பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம்) உருவாக்கிய எக்ஸ்பைஸ் 12 பிட் (4096 படிகள்), மைனஸ் 16 முதல் பிளஸ் 16 வோல்ட். சுருளுக்குள் காந்தத்தைப் போட்டால் மேடும் பள்ளமுமாகத் திரையில் அலை தெரியும். பள்ளம் மைனஸ் வோல்டேஜ் என்பதால் ஊனோவில் இதற்குத் தனி மின்சுற்று வேண்டும்.

எளிமை: எக்ஸ்பைஸ்தான். ஊனோவுக்கு எழுதும் நிரலில் ஒரு செமிகோலன் விட்டுப்போனதற்கே அரை வகுப்பு போகும். சரி, நிரல் பிடிபடுவதும் அந்த அரை வகுப்பில்தான்.

பாடத்திட்டப் பரிசோதனைக்கு எக்ஸ்பைஸ். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) வைத்துத் தானியங்கிக் கருவி செய்யும் புராஜெக்டுக்கு ஊனோ.