ஐயூசிஎன் சிவப்புப் பட்டியல் இணையத்தளம்: சோலைமந்தியின் பக்கமும் ஒரு மாஸின் பக்கமும்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐயூசிஎன்) 1964 முதல் பேணிவரும், உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் சிவப்புப் பட்டியலை அதன் இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அறிவியல் பெயர் தெரிந்தவர்க்குத் தேடல் மிக எளிது. ஆயினும் குரங்கொன்றின் பக்கத்தையும், பாறையிலும் மரத்திலும் படரும் பூவாத சிறு தாவரமான மாஸ் (moss) ஒன்றின் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் இச்சேவையின் வலிமையும் குறையும் எனக்கு ஒருசேரப் புலப்பட்டன.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, 'அழியும் நிலையில்' என வகைப்படுத்தப்பட்டுள்ளது. முதிர்ந்தவை 2,500க்கும் குறைவு என்ற மதிப்பீடும், காடு துண்டுதுண்டானதால் கூட்டங்கள் ஒன்றையொன்று அணுக முடியாமற்போன நிலையும் அங்கே விளக்கப்பட்டுள்ளன. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே எஞ்சிய சோலையில் அவற்றைப் பார்த்த எனக்கு, அந்தப் பக்கம் நிறைவளித்தது.

டக்காக்கியா செரட்டோஃபில்லா என்ற மாஸின் கதையோ வேறு. தாவரவியலாளர் ஹூக்கர் சிக்கிமில் திரட்டிய இச்சிறு தாவரத்தை 1861இல் மற்றொரு தாவரவியலாளரான மிட்டன், மாஸைப் போன்ற வேறொரு பிரிவான ஈரல்தாவரமாக (liverwort) விவரித்தார். அது மாஸ்தான் என்பது, அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் அதன் வித்தகத்தாவரம் (வித்துகளை உண்டாக்கும் பகுதி, sporophyte) கிடைத்து 1993இல் விவரிக்கப்பட்ட பிறகே உறுதியானது. அதை 'எளிதில் பாதிக்கப்படக்கூடியது' என வகைப்படுத்திய மதிப்பீடு 2000ஆம் ஆண்டுக்குரியது; பத்தாண்டு கடந்த மதிப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்பது பட்டியலின் சொந்த நெறி.

மாஸ்களின் மதிப்பீடு இப்படிப் பின்தங்கியிருப்பதற்கு அக்கறையின்மை மட்டுமே காரணமன்று; எண்ணுவதே கடினம். குரங்கைத் தலையெண்ணிவிடலாம், பாறைமேல் மெத்தையாகப் படர்ந்த மாஸில் 'ஒன்று' எது? தரையில் வளர்வதாயின் அது படர்ந்த ஒரு சதுர மீட்டரையும், மரத்தில் வளர்வதாயின் அது பற்றிய ஒரு மரத்தையும் ஓர் உயிராகக் கொள்ளலாம் என்று மாஸ் வல்லுநர்கள் வகுத்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குரங்கினங்களில் ஏறத்தாழ அனைத்தும் மதிப்பிடப்பட்டுவிட்டன. சுமார் 12,000 மாஸ் இனங்களிலோ சில நூறு மட்டுமே. எனவே தேடியும் ஒரு மாஸ் கிடைக்காவிட்டால் அது பாதுகாப்பாக உள்ளது என மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது; அதை இன்னும் எவரும் மதிப்பிடவில்லை என்பதே பொருள். இத்தளத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன், ஆனால் வகைப்பாட்டைப் படிக்குமுன் மதிப்பீட்டு ஆண்டைப் பாருங்கள்.