நூறு சதவீத அடைப்பு: முன்வழியா, சுவர்வழியா, பின்வழியா?

ஆஞ்சியோ படம் பார்த்து "100 சதவீத அடைப்பு" என்றதும், இனி பைபாஸ்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். 3 மாதத்துக்கு மேல் ரத்த ஓட்டமே இல்லாமல் அடைத்துக் கிடக்கும் இதயக் குழாயை சிடிஓ என்பார்கள். அதைக் கதீட்டர் என்ற மெல்லிய குழல் மூலமும் திறக்கலாம். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

எளிமையானது முன்வழி. ரத்தம் போகும் திசையிலேயே 0.014 அங்குல வயரைச் செலுத்துவது; மிருதுவான வயரில் ஆரம்பித்து, முடியாவிட்டால் விறைப்பானதற்கு மாறுவது. அடைப்பு குட்டையாகவும் அதன் வாய் கூம்பு போலவும் இருந்தால் இதுவே போதும். வாய் மழுங்கியிருப்பது, சுண்ணாம்புப் படிவு, 45 பாகைக்கு மேல் வளைவு, 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளம், முன்பே முயன்று தோற்றது என ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண் போடுகிறது ஜப்பானியர்கள் 2011இல் வெளியிட்ட ஜே-சிடிஓ கணக்கு. மதிப்பெண் ஏற ஏற, வயர் 30 நிமிடத்துக்குள் கடக்கும் வாய்ப்பு குறையும்.

சுவர்வழியில் வயர் அடைப்பைத் துளைக்காது. குழாய்ச் சுவரின் அடுக்குகளுக்குள் புகுந்து, அடைப்பைச் சுற்றிப்போய், அப்பால் மறுபடி உள்ளே நுழையும். நீளமான அடைப்புக்கு நல்லது. ஆனால் நுழையும் இடத்தில் பெரிய கிளை இருந்தால் அது அடைபட்டுப் போகலாம்.

பின்வழிதான் என்னை மிகவும் வியக்க வைப்பது. அடைபட்ட பகுதிக்குப் பக்கத்துக் குழாயிலிருந்து ரத்தம் கொடுக்க உடம்பே சிறு கிளைகளை வளர்த்துவைக்கிறது. "இயற்கை பைபாஸ்" என்கிறோமே, அதுதான். அதற்குள் வயரை ஓட்டி, அடைப்பைப் பின்னாலிருந்து அணுகுகிறார்கள். முன்னால் மரம்போல் இறுகிய அடைப்பு, பின்பக்கம் பெரும்பாலும் இளக்கமாக இருக்கும். ஆபத்தும் இதில்தான் அதிகம். இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் கிளை கிழிந்தால், இதய உறைக்குள் ரத்தம் தேங்கி இதயத்தை அழுத்தும். இதய அறைகளைப் பிரிக்கும் நடுச்சுவருக்குள் ஓடும் கிளைகள் அதைவிடப் பாதுகாப்பானவை. ரத்தம் தரும் குழாயே காயப்பட்டால் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் நின்றுவிடும். நேரம், கதிர்வீச்சு, குழாய்களைப் படத்தில் காட்டச் செலுத்தும் சாயம் எல்லாமே கூடுதல்.

என் தேர்வு: முதலில் அடைபட்ட குழாய், அதற்கு ரத்தம் தரும் குழாய் இரண்டிலும் ஒரே சமயத்தில் சாயம் செலுத்திப் படமெடுக்க வேண்டும். அடைப்பின் நீளமும் பின்பக்கக் கிளைகளும் அப்போதுதான் தெளியும். அதைத் தவிர்த்துவிட்டு வயரை எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். பிறகு முன்வழி, அரைமணி நேரம் நகரவில்லை என்றால் பிடிவாதம் வேண்டாம், வழியை மாற்ற வேண்டும்.

2018இல் வெளியான யூரோசிடிஓ ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட, இப்படி அடைப்பைத் திறந்துகொண்டவர்களுக்கு நெஞ்சுவலி குறைந்தது. ஆயுள் கூடியதாக அது காட்டவில்லை. அதனால் மாத்திரையிலேயே வலியில்லாமல் நடமாடுபவருக்குப் பின்வழி ஆபத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். மாடிப்படி ஏறவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு, அனுபவம் மிக்க கைகளில், தாராளமாகச் சொல்வேன்.