ஸ்டார் ட்ரெக் கேம்கள்: கேப்டன் நாற்காலியில் நிஜமாகவே உட்கார வைப்பது எது?

ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரின் சண்டைக் காட்சிகளில் பாதி, கப்பலின் கட்டுப்பாட்டு அறையான பிரிட்ஜுக்குள்ளேயே நடக்கும். கேப்டன் எதையும் தொடமாட்டார். அவர் சொல்வார், மற்றவர்கள் செய்வார்கள். இந்தத் தொடரை வைத்து வந்த கப்பல் கேம்களை எடைபோட இதைவிடச் சரியான அளவுகோல் கிடையாது. பிரிட்ஜ் கமாண்டர் (2002), பிரிட்ஜ் க்ரூ (2017), ஸ்டார் ட்ரெக் ஆன்லைன் (2010) மூன்றையும் அப்படியே பார்க்கலாம்.

தனியாக ஆடுபவருக்கு பிரிட்ஜ் கமாண்டர்தான். டோட்டலி கேம்ஸ் உருவாக்க, ஆக்டிவிஷன் வெளியிட்டது. முதலில் கேலக்ஸி வகைக் கப்பலான டான்ட்லெஸ், பிறகு சாவரின் கப்பல் கைக்கு வருகிறது. கப்பலைத் திருப்ப ஓர் அதிகாரி, ஆயுதத்துக்கு ஒருவர், இன்ஜினுக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு மெனு. ஆயுத அதிகாரியிடம் எதிரியை அழிக்கவும் சொல்லலாம், முடக்கவும் சொல்லலாம். மிஷன் ஒரு கப்பலை முடக்கத்தான் கேட்கிறது என்றால், அழிக்கச் சொன்ன மறு நிமிடமே காரியம் கெட்டுவிடும். உத்தரவைக் கவனித்துக் கொடுங்கள்.

புதிதாக ஆடுபவர்கள் தடுமாறுவது பவரில். ஆயுதம், ஷீல்டு (கப்பலைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கவசம்), இன்ஜின், சென்சார் நான்கையும் 125 சதவீதம் வரை ஏற்றலாம். கப்பலுக்குச் சக்தி தரும் வார்ப் கோர் கொடுப்பதைவிட அதிகம் கேட்டால் மிச்சம் பேட்டரியிலிருந்து போகிறது. எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தே சண்டை போட்டால் பேட்டரி தீர்ந்து, ஷீல்டு மிகவும் தேவைப்படும் நேரத்தில் கப்பல் சோர்ந்துவிடும். சண்டைக்கு உடனே தேவையில்லாத சென்சாரைக் குறைத்து, ஷீல்டையும் ஆயுதத்தையும் மட்டும் கூட்டுங்கள். ஷீல்டுக்கு முன், பின், இடம், வலம், மேல், கீழ் என்று ஆறு பக்கம். ஒரு பக்கம் சிவந்ததும் கப்பலைத் திருப்பி, நல்ல பக்கத்தை எதிரிக்குக் காட்டுவதில்தான் பாதி வெற்றி.

பிரிட்ஜ் க்ரூ வேறு வகை. யூபிசாஃப்ட் வெளியீடு, கேப்டன், ஹெல்ம் (கப்பலை ஓட்டுபவர்), டேக்டிகல் (ஆயுதம், ஷீல்டைக் கவனிப்பவர்), இன்ஜினியர் என்று நான்கு இருக்கை, நான்கு மனிதர்கள். ஒளியை மிஞ்சும் வார்ப் வேகத்துக்குப் போக வேண்டுமானால் இன்ஜினியர் வார்ப் காயில்களை சார்ஜ் செய்ய வேண்டும், ஹெல்ம் கப்பலை இலக்கின் திசைக்கு நேராக்க வேண்டும். ஒருவர் தாமதித்தால் கப்பல் நின்ற இடத்திலேயே அடி வாங்கும். உயிர் பிழைத்தவர்களை டிரான்ஸ்போர்ட்டரில் (ஆட்களை நொடியில் இடம் மாற்றும் கருவி) ஏற்றவேண்டுமானால் ஷீல்டை இறக்கியாக வேண்டும். எந்த நொடியில் இறக்குவது என்று முடிவெடுப்பதுதான் கேப்டனின் வேலை. தொடரின் சாரமே இதுதான், இந்தத் தருணத்தை வேறெந்த கேமும் இவ்வளவு அழகாகக் கொண்டுவந்ததில்லை.

நான்கு பேர் சேரவில்லை என்றால் அழகெல்லாம் போய்விடும். கணினி மாலுமிகளுக்கு ஒவ்வொன்றாக உத்தரவு கொடுத்து ஆடுவது சலிப்பு. கதை மிஷன்களும் குறைவு, பிறகு தானாக உருவாகும் மிஷன்கள்தான். விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் கட்டாயம் என்ற நிலை 2017 டிசம்பர் அப்டேட்டோடு முடிந்தது. 1960-களின் பழைய என்டர்பிரைஸ் பிரிட்ஜையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதன் பொத்தான்களில் எழுத்து இல்லை. கேமின் முதன்மைக் கப்பலான ஏஜிஸில் நன்றாகப் பழகிய பிறகே அதைத் தொடுங்கள்.

ஸ்டார் ட்ரெக் ஆன்லைன் 2012 முதல் இலவசம். தொடரின் உலகத்தில் சுற்றித் திரிய அதற்கு இணை இல்லை, ஆனால் அதில் கப்பலை வெளியிலிருந்து பார்த்து நீங்களே ஓட்டுகிறீர்கள். பிரிட்ஜ் வெறும் அலங்காரம். கப்பலில் எதை எங்கே பொருத்துவது என்ற கணக்குதான் அதன் உண்மையான சுவை. கதிர் பாய்ச்சும் ஆயுதமான பீம் அரே 250 டிகிரி அகலத்துக்குச் சுடும். முன்னும் பின்னும் பொருத்தி எதிரிக்குப் பக்கவாட்டைக் காட்டினால் எல்லாம் ஒன்றாகப் பாயும். டூயல் ஹெவி கேனன் என்ற பீரங்கிக்கு 45 டிகிரிதான், மெதுவாகத் திரும்பும் பெரிய கப்பலுக்கு அது வீண். டார்பிடோவை ஷீல்டு இருக்கும்போது சுட்டால் பெரும்பகுதி சேதம் அதிலேயே கரைந்துவிடும். பீம்களால் ஷீல்டை உடைத்த பிறகே சுட வேண்டும்.

பிரிட்ஜ் கமாண்டரைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மேலும் ஒரு விஷயம். அதன் ஸ்கிரிப்டுகள் பைதான் மொழியில் இருப்பதால் ரசிகர்கள் ஏராளமான கப்பல்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு ஸ்கிரிப்டில் பிழை இருந்தாலும் மெனு வராமல் திரை கறுப்பாக நின்றுவிடலாம். மோட் (ரசிகர்கள் செய்த கூடுதல் சேர்க்கை) போடும் முன் கேம் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வையுங்கள், பிறகு ஒவ்வொரு மோடாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் கேமைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.